கல்வியியலில் பிஎச்டி: கடலூர், புதுச்சேரி ஆசிரியர்களுக்கு விண்ணப்பம் முதல் சேர்க்கை ஆணை வரை

எம்.எட். முடித்துவிட்டுப் பள்ளியிலோ பி.எட். கல்லூரியிலோ வேலை பார்த்துக்கொண்டே பிஎச்டிக்கு விண்ணப்பிப்பவர்கள் பலரைப் பக்கத்திலிருந்து பார்த்து வருகிறேன். திறமை போதாமல் இடத்தை இழந்தவர்கள் குறைவு. வேலைகளை வரிசை மாற்றிச் செய்து இழந்தவர்களே அதிகம். அறிவிப்பு வந்த பிறகு டாபிக் தேடுகிறார்கள், தேர்வு எழுதிய பிறகு கைடு (ஆய்வு வழிகாட்டி) தேடுகிறார்கள், நேர்காணலுக்கு முந்தின நாள் என்ஓசிக்கு (வேலை பார்க்கும் இடத்தின் தடையின்மைச் சான்று) அலைகிறார்கள். கையில் மதிப்பெண் இருக்கும், கைடிடம் காலியிடம் இருக்காது.

அதனால்தான் இந்த வழிகாட்டியில் விண்ணப்பப் படிவம் ஒன்பதாவது படியாக வருகிறது. முதல் படியை அறிவிப்புக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு அதற்கும் குறைவான அவகாசம் போதாது.

1. தகுதியை எழுத்தில் உறுதி செய்யுங்கள்

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 பிஎச்டி விதிமுறைகள்தான் அடிப்படை. முதுநிலைப் பட்டத்தில் 55 சதவீதம் வேண்டும். எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயர் அல்லாத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. 54.7 இருப்பவர்கள் அதை 55 என்று வைத்துக்கொள்ளக் கூடாது. கிரேடு முறையில் படித்தவர்கள் சதவீதமாக மாற்றும் சூத்திரத்தை உங்கள் பல்கலைக்கழகத்திடமிருந்தே வாங்கி வையுங்கள்.

எந்த முதுநிலைப் பட்டம் என்பதில்தான் சிக்கல் வரும். எம்.எட். எல்லா இடத்திலும் செல்லும். எம்.ஏ. கல்வியியலைச் சில இடங்களில் ஏற்பார்கள். எம்.எட். உடன் பள்ளிப் பாடம் ஒன்றில் முதுநிலையும் கேட்கும் இடங்கள் இருக்கின்றன. ப்ராஸ்பெக்டஸைப் படித்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை அச்செடுத்து வையுங்கள். போனில் ஒருவர் "பரவாயில்லை, போடுங்க" என்று சொன்னது சான்றிதழ் சரிபார்ப்பு மேஜையில் உதவாது.

வயது வரம்பு ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத்தான், பிஎச்டி சேர்க்கைக்கு இல்லை. எம்.பில். நிறுத்தப்பட்டுவிட்டதால் அது இல்லையே என்று தயங்க வேண்டாம். தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ பிஎச்டி செய்ய அனுமதி இல்லை. அப்படி ஒருவர் ஆசை காட்டினால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

2. முழு நேரமா, பகுதி நேரமா என்று முடிவெடுங்கள்

இதை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம் என்ஓசி. பகுதி நேரம் என்றால் நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் தடையின்மைச் சான்று கட்டாயம். அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: பகுதி நேரமாகப் படிக்க அனுமதிக்கிறோம், ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க அவருடைய பணி இடம் கொடுக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் (பிஎச்டியின் தொடக்கத்தில் படிக்கும் பாடங்கள்) முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம். "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று ஒரே வரியில் வாங்கி வருகிறவர்கள் திரும்ப ஓட வேண்டியிருக்கிறது. மூன்றாவது வாக்கியத்தை எழுதத்தான் நிர்வாகங்கள் தயங்கும். அதைப் பேசிச் சரிசெய்யவே வாரங்கள் ஆகும்.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தலைமையாசிரியர் வழியாகத் துறையின் முன் அனுமதியைக் கேட்க வேண்டும். கோப்பு மேலே போய்த் திரும்பி வர நேரமாகும். அறிவிப்பு வரும் வரை காத்திருந்தால் கடைசித் தேதிக்குள் கையில் கிடைக்காது.

முழு நேரம் என்றால் வீட்டில் உட்கார்ந்து பணக் கணக்கைப் பேசுங்கள். ஜேஆர்எஃப் தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) இல்லாத முழு நேர ஆய்வாளர்களுக்கான யுஜிசி உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய்தான். குறைந்தபட்சக் காலம் 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக 2 ஆண்டு தரலாம். பெண் ஆய்வாளர்கள் மகப்பேறு விடுப்பாகவோ குழந்தைப் பராமரிப்பு விடுப்பாகவோ 240 நாள் வரை எடுக்க விதியே இடம் தருகிறது. குழந்தை சிறியது என்பதற்காகவே தள்ளிப்போடும் தோழிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

3. நெட் எழுதுங்கள்

2024 ஜூன் தேர்விலிருந்து நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது. முதல் வகைக்கு ஜேஆர்எஃப், உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்டி சேர்க்கை மூன்றும் உண்டு. இரண்டாம் வகைக்கு உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்டி சேர்க்கையும். மூன்றாம் வகை பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும். இரண்டாம், மூன்றாம் வகையினரின் மதிப்பெண் பிஎச்டி சேர்க்கைக்கு ஓராண்டு மட்டுமே செல்லும். உதவிப் பேராசிரியர் தகுதிக்குக் காலவரம்பு இல்லாததால் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்பி, பழைய மதிப்பெண்ணோடு போய் நிற்கிறார்கள்.

கல்வியியலின் பாட எண் 09. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, ஆகவே எதையும் விடாமல் எழுதிவிட்டு வாருங்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ் வழியில் பி.எட்., எம்.எட். படித்தவர்கள் பாடத்தைப் புதிதாகப் படிப்பதைவிட, தெரிந்த பாடத்தின் ஆங்கிலக் கலைச்சொற்களுக்கு ஒரு நோட்டு போடுவது அதிகம் பலன் தரும். கருதுகோள், மாறி, ஏற்புடைமை, நம்பகத்தன்மை என்று தமிழில் தெளிவாகத் தெரிந்தவர்கள்கூட ஆங்கிலக் கேள்வியில் தடுமாறுகிறார்கள்.

சொந்த நுழைவுத் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகம் என்றால் பாதி ஆய்வு முறையியல், பாதி கல்வியியல் என்று கேள்வி வரும். தேர்ச்சிக்கு 50 சதவீதம், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. நெட் பாடத்திட்டத்தில் கல்வி ஆராய்ச்சி என்ற அலகை நன்றாகப் படித்தவர்களுக்கு இரண்டு தேர்வுக்கும் ஒரே உழைப்பு போதும்.

4. எங்கே விண்ணப்பிப்பது

கடலூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே இரண்டு இடங்கள் இருக்கின்றன. வடக்கே காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் புலம், தெற்கே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறை. ஒன்று மத்தியப் பல்கலைக்கழகம், மற்றது மாநிலப் பல்கலைக்கழகம். இட ஒதுக்கீடு, சாதிச் சான்றிதழ், உதவித்தொகை எல்லாமே இதைப் பொறுத்து மாறும். அடுத்து சென்னையில் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம், அதன் கீழ் ஆய்வு மையமாக உள்ள கல்லூரிகள், திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம். மூன்று இடத்துக்காவது விண்ணப்பியுங்கள். ஒரே இடத்தை நம்பினால் அங்கே அந்த வருடம் காலியிடம் குறைந்தாலே உங்கள் ஓராண்டு போய்விடும்.

தனியார் பல்கலைக்கழகம் என்றால் அதன் பெயரை யுஜிசி இணையதளத்தில் தேடுங்கள். பிஎச்டி விதிகளைப் பின்பற்றாததற்காக ராஜஸ்தானின் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் புதிய ஆய்வாளர்களைச் சேர்க்க 2025 ஜனவரியில் யுஜிசி தடை விதித்தது. ஏஜென்ட் வழியாக வெளிமாநிலத்தில் பதிவு செய்யும் யோசனையை விட்டுவிடுங்கள்.

5. டாபிக்கைக் கேள்வியாக மாற்றுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் தர வேண்டும்.

நம் பக்கத்தில் வரும் முன்மொழிவுகளில் பெரும்பகுதி ஒரே அச்சில் இருக்கும்: ஏதோ ஒரு மாவட்ட மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் உணர்ச்சி நுண்ணறிவுக்கும் பணி நிறைவுக்கும் உள்ள தொடர்பு. மாவட்டப் பெயரை மட்டும் மாற்றினால் புது ஆய்வு ஆகாது. ஷோத்கங்கா தளத்தில் அந்த இரண்டு சொற்களைப் போட்டுத் தேடிப் பாருங்கள். எத்தனை ஆய்வேடுகள் வருகின்றன என்பதே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும். எந்த டாபிக்காக இருந்தாலும் முதல் தேடல் அங்கே நடக்கட்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் முழுமையாக, இலவசமாகக் கிடைக்கும் இடம் அது.

உங்கள் வகுப்பறையில் உங்களை உறுத்தும் விஷயத்திலிருந்து தொடங்குங்கள். ஓர் உதாரணத்தைக் கடைசி வரை எடுத்துப் போவோம். 2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சிபிஎஸ்இக்கு மாறின. பல வருடம் தமிழ்நாட்டுப் பாடநூலை நடத்திய ஆசிரியர் இன்று என்சிஇஆர்டி பாடநூலை நடத்துகிறார். இதைப் பார்த்ததும் "சிபிஎஸ்இ மாற்றம் மாணவர்களிடம் ஏற்படுத்திய தாக்கம்" என்று தலைப்பு வைக்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல். தாக்கத்தை அளக்க, மாற்றத்துக்கு முன்பு அதே அளவுகோலில் எடுத்த தரவு வேண்டும். அது இல்லை. பழைய தேர்வு மதிப்பெண்ணையும் புதிய தேர்வு மதிப்பெண்ணையும் ஒப்பிடவும் முடியாது, கேள்வித்தாளே வேறு.

சரி, எதை ஆராயலாம்? புதுச்சேரியின் பாகூர் பகுதி அரசுப் பள்ளிகளில் 9ஆம் வகுப்பு அறிவியல் ஆசிரியர்கள் புதிய பாடநூலில் உள்ள செயல்பாடுகளில் எவற்றை வகுப்பில் செய்கிறார்கள், எவற்றை வாயால் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள், ஏன்? இதை வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம், ஆசிரியரிடம் கேட்கலாம், பதிவு செய்யலாம். எல்லைக்கு இந்தப் பக்கம் கடலூரில் அதே வகுப்பு தமிழ்நாட்டுப் பாடநூலோடு நடக்கிறது. அங்கேயும் போய்ப் பார்த்தால் பாடநூல் காரணமா, நேரம் காரணமா, ஆய்வகம் காரணமா என்று பிரித்துப் பேச முடியும். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இரண்டு பாடத்திட்டம் கிடைப்பது நம் ஊர்க்காரர்களுக்கு வாய்த்த வசதி. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். எண்ணும் எழுத்தும், இல்லம் தேடிக் கல்வி போன்ற தமிழ்நாட்டுத் திட்டங்களிலும் இதே அளவுக்கு நல்ல கேள்விகள் கிடக்கின்றன.

கேள்வி கிடைத்ததும் மூன்று சோதனை: யாரிடம் தரவு எடுப்பேன்? அவர்களை அணுக எனக்கு யார் அனுமதி தர வேண்டும்? மூன்று ஆண்டுக்குள் முடியுமா? இதில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் கேள்வியை இன்னும் சுருக்குங்கள்.

6. கைடின் காலியிடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் பிஎச்டி வழிகாட்ட முடியாது. ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக ஆளை எடுக்க முடியாது. சேர்க்கையின் மொத்தக் கணக்கும் இதற்குள் அடங்கிவிடுகிறது. ஒரு துறையில் ஆறு ஆசிரியர்கள் இருந்தாலும், இருவர் நிரம்பியிருந்து ஒருவர் ஓய்வை நெருங்கியிருந்தால், உங்களுக்கு உண்மையில் இருப்பது மூன்று பேர்தான். அந்த மூவரில் உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வேலை செய்தவர் ஒருவர் இருந்தாலே அதிகம்.

துறையின் இணையப் பக்கத்தில் ஒவ்வொருவரின் ஆய்வுப் பகுதியைப் பாருங்கள். பதிவு செய்துள்ள ஆய்வாளர்களின் பட்டியலைப் பல பல்கலைக்கழகங்கள் வெளியிடுகின்றன, எண்ணிப் பாருங்கள். ஷோத்கங்காவில் அவர் வழிகாட்டிய ஆய்வேடுகளில் ஒன்றையாவது திறந்து முறையியல் அத்தியாயத்தைப் படியுங்கள். அவர் எப்படிப்பட்ட ஆய்வை ஏற்பார் என்று அதில் தெரிந்துவிடும். புள்ளியியல் ஆய்வுகளையே வழிகாட்டியவரிடம் வகுப்பறை உற்றுநோக்கல் ஆய்வோடு போவதாக இருந்தால் அதற்கான பதிலோடு போக வேண்டும்.

அப்புறம் கடிதம். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். எந்த மொழியானாலும் அமைப்பு இப்படி இருக்கட்டும்:

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம். நான் கடலூரில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர். எம்.எட். முடித்து, கல்வியியலில் நெட் தகுதி பெற்றுள்ளேன். அறிவியல் வகுப்பறைச் செயல்பாடுகள் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையில், ஆசிரியர்கள் செய்முறையைத் தவிர்க்க நேரமின்மையைக் காரணமாகச் சொல்வதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். பாடத்திட்டம் மாறிய பாகூர் பகுதிப் பள்ளிகளிலும் அதே காரணம்தானா என்று ஆராய விரும்புகிறேன். இரண்டு பக்கக் குறிப்பை இணைத்துள்ளேன். வரும் சேர்க்கையில் தங்களிடம் பகுதி நேர ஆய்வாளருக்கு இடம் இருக்குமா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

இவ்வளவு போதும். படித்ததாகச் சொல்லும் கட்டுரையை உண்மையிலேயே படித்திருக்க வேண்டும், அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும். ஒரே கடிதத்தை ஐந்து பேருக்கு, பெயரை மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள். ஒரே துறையில் இருப்பவர்கள், பேசிக்கொள்வார்கள். வாட்ஸ்அப்பில் "ஐயா, ஏதாவது டாபிக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். இரண்டு வாரம் பதில் இல்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதற்கும் இல்லை என்றால் நேரம் கேட்டுக்கொண்டு நேரில் போங்கள்.

அவர் சரி என்று சொன்னால் அது சேர்க்கை ஆகிவிடாது. தேர்வும் தரவரிசையும் இருக்கின்றன. காலியிடம், துறைப் பிரிவு, நேர்காணலில் நீங்கள் சொல்லும் ஆர்வம் ஆகியவற்றைப் பார்த்துத் துறைதான் கைடை ஒதுக்கும். ஆனால் உங்கள் கேள்வியை ஏற்கெனவே படித்த ஒருவர் அந்த அறையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

7. சினாப்சிஸ் (ஆய்வு முன்மொழிவு) எழுதுங்கள்

பக்க அளவை ப்ராஸ்பெக்டஸ் சொல்லும். பின்னணி, தேவை, முந்தைய ஆய்வுகள், ஆய்வுக் கேள்வி, நோக்கங்கள், முறை, மாதிரி, கருவி, பகுப்பாய்வு, எல்லை, கால அட்டவணை, மேற்கோள் பட்டியல் என்ற வரிசை எங்கும் செல்லும்.

அதிகம் தவறுவது மூன்று இடத்தில். ஒன்று, நோக்கம் ஒன்று சொல்லும், கருவி வேறொன்றை அளக்கும். ஒவ்வொரு நோக்கத்துக்கும் எதிரே அதற்கான கருவியையும் பகுப்பாய்வையும் எழுதி ஒரு அட்டவணை போடுங்கள். காலியாக நிற்கும் கட்டம் தெரிந்துவிடும். இரண்டு, முந்தைய ஆய்வுகள் பகுதியில் ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு பத்தி என்று அடுக்குவது. அந்த ஆய்வுகள் எதைச் சொல்லாமல் விட்டன என்று காட்டினால்தான் உங்கள் கேள்விக்கு இடம் பிறக்கும். மூன்று, கால அட்டவணை. நம் மாவட்டத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை விடுமுறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். ஜனவரிக்கு மேல் பள்ளிகள் பொதுத் தேர்வு வேகத்தில் இருக்கும். பள்ளிக்குள் தரவு எடுக்க ஜூலை முதல் செப்டம்பர் வரை என்று திட்டமிடுங்கள். இப்படி எழுதியிருந்தால், களத்தை அறிந்தவர் எழுதியது என்று படிப்பவருக்குப் புரியும்.

வெளியாளிடம் காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள். யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருந்தால் நடவடிக்கைக்குரியது. அதைவிட, நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

8. சான்றிதழ்களைச் சேகரியுங்கள்

பெயர்: பத்தாம் வகுப்பில் எஸ். கவிதா, ஆதாரில் கவிதா செல்வம், எம்.எட். பட்டத்தில் கவிதா எஸ்., திருமணத்துக்குப் பிறகு வங்கியில் கவிதா முருகன். நம் இனிஷியல் வழக்கத்தால் வரும் இந்தச் சிக்கல் பெண்களை அதிகம் வாட்டுகிறது. எல்லாப் படிவங்களிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள், ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். நெட் விண்ணப்பத்திலும் அதே பெயர்தான்.

சாதிச் சான்றிதழ்: தமிழ்நாட்டின் பிசி, எம்பிசி அட்டை அண்ணாமலையில் செல்லும், காலாப்பட்டில் செல்லாது. மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி, கிரீமி லேயர் அல்லாதவர் என்ற சான்று வேண்டும். இ-சேவை மையம் வழியாகத் தாலுகா அலுவலகத்தில் கேட்கலாம், புதுச்சேரியில் வருவாய்த் துறையில். நடப்பு நிதியாண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பதால் ஏப்ரலிலேயே புதிதாக வாங்கிவிடுங்கள். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள், மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாம் அதில் இல்லை. திருமணமான பெண்களுக்கும் கிரீமி லேயர் கணக்கு பெற்றோரின் நிலையை வைத்துத்தான், கணவரின் வருமானத்தை வைத்து இல்லை.

இடப்பெயர்வுச் சான்றிதழ்: கடைசியாகப் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது கேட்பார்கள். சேர்க்கை நாளில் நினைவு வந்தால் தாமதமாகிவிடும். பட்டச் சான்றிதழ் இன்னும் வரவில்லை என்றால் புரவிஷனல் (தற்காலிகச் சான்றிதழ்) காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கோப்புப் பெயரில் சான்றின் பெயரை எழுதி, இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

9. விண்ணப்பப் படிவம்

மேலே உள்ளவை முடிந்திருந்தால் இது ஒரு மாலை வேலை. கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே அனுப்புங்கள். கடைசி இரவில் பணம் போய்விடும், ரசீது வராது. முழு நேரமா பகுதி நேரமா என்ற கட்டத்தை இரண்டு முறை பாருங்கள், பிறகு மாற்றுவது கடினம். ப்ரவுசிங் சென்டரில் நிரப்பினாலும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும். கடை நடத்துபவரின் மின்னஞ்சலுக்கு நேர்காணல் அழைப்பு போய், நாள் கடந்த பிறகு தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள்.

10. நேர்காணல்

ஜேஆர்எஃப் இல்லாதவர்களுக்குத் தேர்வு 70, நேர்காணல் 30 என்ற கணக்கு. தேர்வில் நூற்றுக்கு 70 வாங்கியவருக்கு 49 கிடைக்கும். அவர் நேர்காணலில் பாதி மதிப்பெண் வாங்கினால் 15 சேர்ந்து 64. தேர்வில் 60 மட்டும் வாங்கியவருக்கு 42. அவர் நேர்காணலில் 80 சதவீதம் வாங்கினால் 24 சேர்ந்து 66. தேர்வில் பின்தங்கியவர் முன்னே வந்துவிடுகிறார். தேர்வு மதிப்பெண் குறைவு என்று நேர்காணலுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கேட்பவை பெரும்பாலும் உங்கள் சினாப்சிஸிலிருந்தே வரும். ஏன் பாகூர்? ஏன் 9ஆம் வகுப்பு, 8 ஏன் இல்லை? வகுப்பில் நீங்கள் உட்கார்ந்தாலே ஆசிரியர் வேறு மாதிரி நடத்துவாரே, அதை எப்படிச் சமாளிப்பீர்கள்? உற்றுநோக்கல் படிவத்தின் நம்பகத்தன்மையை எப்படி உறுதி செய்வீர்கள்? இவற்றுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகுங்கள். கூட வேலை பார்க்கும் ஒருவரை எதிரே உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அனுபவமுள்ள ஆசிரியர்கள் செய்யும் பெரிய தவறு, "என் அனுபவத்தில் சார்..." என்று முடிவை முன்பே சொல்லிவிடுவது. முடிவு தெரிந்துவிட்டால் ஆய்வு எதற்கு என்ற கேள்வி உடனே வரும். அனுபவத்தைக் கேள்வி பிறந்த இடமாக மட்டும் சொல்லுங்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் தடை வந்தால் தமிழில் விளக்க அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

11. காத்திருக்கும் காலம்

நேர்காணல் முடிந்து பட்டியல் வரும் வரை உள்ள நாட்கள் மனதைக் கரைக்கும். உடன் எழுதியவருக்கு வேறு இடத்தில் கிடைத்த செய்தி வாட்ஸ்அப் குழுவில் வரும். வீட்டுக்கு வரும் உறவினர்கள் "என்னம்மா, இன்னும் வரலையா?" என்பார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் கால அட்டவணையும் வேறு. தாமதம் என்றால் நிராகரிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். துறை, புலம், சேர்க்கைப் பிரிவு என்று கோப்பு பல மேஜைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது.

பல்கலைக்கழக இணையதளத்தின் பிஎச்டி சேர்க்கைப் பக்கத்தை வாரத்தில் இரண்டு நாள் பாருங்கள். பட்டியல் முதலில் அங்கேதான் வரும், மின்னஞ்சல் வராமலும் போகலாம். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். சொன்ன தேதி தாண்டி இரண்டு வாரம் ஆனால் சேர்க்கைப் பிரிவுக்கு விண்ணப்ப எண்ணோடு மின்னஞ்சல் எழுதுங்கள். கைடாக வரக்கூடியவரிடம் முடிவைக் கேட்காதீர்கள். அவரால் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருப்பதும் சங்கடம்.

வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். தற்காலிகப் பட்டியலில் பெயர் வந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பு இருக்கிறது. சேர்க்கை ஆணை கைக்கு வந்து கட்டணம் கட்டிய ரசீது வாங்கிய பிறகு முடிவெடுங்கள். கட்டணம் கட்டத் தரும் அவகாசம் சில நாட்கள்தான் இருக்கும், பணத்தைத் தயாராக வையுங்கள்.

இந்த நாட்களில் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது, செய்தால் மனமும் நிலைக்கும். கடலூர்ப் பள்ளிகளுக்குள் போக முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதியும், புதுச்சேரிப் பள்ளிகளுக்குப் பள்ளிக்கல்வி இயக்ககத்தின் அனுமதியும் வேண்டும். என்னென்ன இணைக்க வேண்டும் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். ஜமோவி என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளை இறக்கி, உங்கள் வகுப்பு மதிப்பெண்களை வைத்தே பழகுங்கள். வேறொருவர் உருவாக்கிய கருவியைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அவரிடம் அனுமதி கேட்டு எழுதுங்கள். இடம் எங்கே கிடைத்தாலும் இந்த வேலை வீணாகாது.

12. பட்டியல் வந்த பிறகு

காத்திருப்போர் பட்டியலில் இருந்தால் நம்பிக்கையை விடாதீர்கள். மேலே உள்ளவர் வேறு இடத்தில் சேர்ந்தால் உங்களுக்கு வரும். அதே காரணத்தால், இரண்டு இடம் கிடைத்தவர்கள் வேண்டாத இடத்துக்கு உடனே எழுதிவிடுங்கள். நீங்கள் வைத்திருக்கும் அந்த ஒரு இடத்துக்காக இன்னொரு ஆசிரியர் உட்கார்ந்திருக்கிறார்.

கிடைக்கவில்லை என்றால் காரணத்தைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, உங்கள் நேர்காணல் மதிப்பெண், உங்கள் பிரிவின் கடைசி மதிப்பெண், நிரப்பிய இடங்கள் ஆகிய மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு ஆன்லைனிலேயே கேட்கலாம். நேர்காணலில் குறைந்திருந்தால் பத்தாவது படியை மறுபடி செய்யுங்கள், இடமே இல்லாமல் போயிருந்தால் ஆறாவது படிக்குத் திரும்புங்கள். சினாப்சிஸைக் கிழித்துப் போட்டுப் புது டாபிக் தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

கிடைத்தவர்கள் சேரும் நாளிலேயே மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பதிவுத் தேதி எது, கோர்ஸ் ஒர்க் எப்போது தொடங்கும், முதல் ஆலோசனைக் குழுக் கூட்டம் எப்போது. 3 ஆண்டு, 6 ஆண்டு என்ற கணக்கெல்லாம் பதிவுத் தேதியிலிருந்துதான் ஓடும். கோர்ஸ் ஒர்க்குக்குக் குறைந்தது 12 கிரெடிட் உண்டு, அதில் 55 சதவீதம் எடுத்தால்தான் ஆய்வைத் தொடர முடியும். பகுதி நேரத்தவர்கள் கோர்ஸ் ஒர்க் தேதிகளை வாங்கிய அன்றே என்ஓசியின் நகலை இணைத்து, பணிவிடுப்புக் கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து ஒப்புகைக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.